மூடிய ட்ரெய்லருக்குள் ஒரு சினைமாடு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு கொஞ்சம். சாமி விஷயம் வேறு கலந்திருக்கிறது... சிரிப்பவர்கள் சிரிப்பார்களே!

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக் கடையில் ஒரு லோரி டிரைவர் கேட்டார்: "அண்ணே, கித்தான் போட்டு மூடுன ட்ரெய்லர் நல்லதா, தொறந்த தட்டு நல்லதா? முதலாளி என்னைக் கேக்குறாரு."

இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியது.

நானும் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவன்தான். லோரிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற ட்ரெய்லர் முன்பெல்லாம் வெறும் பலகைத் தட்டு. மழை வந்தால் ரப்பர் ஷீட் நனையும். வெயிலில் செம்மண் தூசி அப்பிக்கொள்ளும். முதலாளியை நச்சரித்து, இரும்பு வளைவு அடித்து, கித்தான் போட வைத்தவன் நான். பெருமை தாங்கவில்லை!

அந்தச் சமயத்தில்தான் வீராசாமி அண்ணன் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். இருந்த ஒரே மாடு செத்துப்போய், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு நிறைசினை மாட்டை வாங்கியிருந்தார். இதுவும் போனால் குடும்பம் தெருவில்தான்.

"தொறந்த தட்டுல மாடு மிரளும் தம்பி. நாலு பக்கமும் இறுக்கிக் கட்டு."

"காத்து வேணாமாண்ணே?"

"மேகத்தைப் பாரு. நனைஞ்சா சளி புடிச்சிரும். கட்டுலா! நானும் உள்ளயே உக்காந்துக்கிறேன்."

"அக்காவைக்கூட இப்படிச் சொகுசா கூட்டிட்டுப் போயிருக்க மாட்டீங்க."

"மாடு திருப்பிப் பேசாது தம்பி. அதான் வித்தியாசம். ஓட்டு, ஓட்டு!"

கிள்ளானைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டு விழாதே என்று எனக்குள் சிரிப்பு. வழியில் ஒரு மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார். எப்போதும் இறங்கிக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போவேன். அன்றோ... இந்த மழையில் கற்பூரம் எங்கே எரியும்? சரக்கும் பத்திரமாக மூடியிருக்கிறது. நிற்பானேன்?

தாண்டியும் விட்டேன். மனசு கேட்கவில்லை. ஒரு கும்பிடாவது போடலாமே என்று பிரேக்கை மிதித்தேன். எஞ்சினை நிறுத்தியதும்தான் பின்னால் தடதடவென்று பலகையில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"செவிட்டுப் பயலே! எவ்வளவு நேரமாக் கத்துறேன்! மாடு விழுந்திருச்சுடா!"

நனைந்த கயிறு அவிழ மறுத்தது. கத்தியால் அறுத்தேன். அடுப்பங்கரை மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. மாடு நாக்குத் தள்ளிக் கிடந்தது. வலியும் கண்டுவிட்டது.

பக்கக் கித்தான் இரண்டையும் சுருட்டி மேலே ஏற்றினோம். கூரை மட்டும் இருந்தது. காற்று புகுந்தது. மெல்ல மெல்ல மாட்டின் மூச்சு சீரானது. முருகா, முருகா என்றபடியே இருவரும் கன்றை இழுத்தோம். சற்று நேரத்தில் தாய் தலையைத் தூக்கிக் கன்றை நக்கிக்கொடுத்தது. என்னைத் திட்டிய மனிதர் சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

ஆக, டிரைவர் தம்பிக்கு என் பதில் இதுதான். மூடினால் சரக்கு நனையாது, தூசி படியாது, மாடு மிரளாது. ஆனால் எதிர்காற்றில் வண்டி திணறும். உள்ளே வெக்கை அடையும். பின்னால் நடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. ரப்பர் என்றால் இறக்கிக் கட்டுங்கள். உயிர் என்றால் பக்கக் கித்தானைச் சுருட்டுங்கள். எதுவானாலும் வழியில் ஒரு தடவை நின்று பாருங்கள்.

இப்போது இந்தக் கதை ஊர் ஊராகப் பரவிப் பந்திங் வரை போயிருக்கிறது — முனீஸ்வரரே அருவாளோடு ரோட்டில் வந்து லோரியை மறித்தாராம்! நான் யாரையும் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தது என் கால். மிதிக்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தது நடந்தபடியே. சாமி கையில் அருவாளைக் கொடுக்க வேண்டாம்... டிரைவரிடம் கித்தானைச் சுருட்டச் சொல்லுங்கள்.