கடைசி மீதி

செய்தி வந்தபோது மாலை நாலு பத்து. மருந்துக்கடையில் அவள் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் மேற்பார்வையாளர் போனில் சொன்னார்: எட்டாவது மாடியில் வேலையை முடித்து, கருவிப் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தாராம், அப்படியே போய்விட்டாராம். லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்றும் சொன்னார். அவள் மருந்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே பைத்தியம் பகா எண். கல்யாணமான புதிதில், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண் அது என்று விளக்கினார்.

"உங்க அண்ணன் வீட்டுச் சொத்து மாதிரி," என்றாள். "பங்கே போட முடியாது."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வேலையிடத்தில் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

இரண்டை இரண்டால் பல கோடி முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் ஒன்று, ஹால் கம்ப்யூட்டரில் மூன்று மாதமாகச் சோதனையில் இருந்தது. நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். நடுவில் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் முதலிலிருந்து, தானே எழுதிய புரோகிராமில் இடையில் சேமிக்கும் வசதியை அவர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் லைன்தான் நம்ம வீட்டுக்கும், கரண்ட் போகாது என்பார்.

மகளின் விமானம் மறுநாள் காலைதான். அதுவரை உடலை வைக்கக் குளிர்பெட்டி வந்தது. அதற்குப் பெரிய ப்ளக் வேண்டும். மோட்டாருக்குத் தனி லைன் என்ற தொழில் பழக்கத்தில், ஹாலில் இருந்த ஒரே பெரிய ப்ளக்கில் அவர் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தார். அவருடைய அண்ணன் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க மாமா," என்றாள்.

"அவனே போயிட்டான். இனிமே யாருக்கும்மா ஓடுது?"

"தொண்ணூத்தொம்பது பர்சன்ட் ஆச்சு. அந்த ஒரு பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தாரு."

"எக்ஸ்டென்ஷன் போட்டா?"

"லோடு தாங்காது சார்," என்றார் பெட்டிக்காரர். "ட்ரிப் ஆச்சுன்னா ரெண்டும் போச்சு."

"ஃப்ரிட்ஜ் ப்ளக் இருக்கு," என்றாள்.

"சமையக்கட்டுலயா?"

"அங்க உக்காந்துதான் சாப்பிடுவாரு."

பாலும் காய்கறியும் பக்கத்து வீட்டுக்குப் போயின. வந்தவர்கள் அடுப்பைத் தாண்டிப் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் கை கழுவினார். அண்ணன் வாசலில் நின்று, "நேராப் போய் இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் எல்லாம் முடிந்து மகளும் அவளும் வீடு திரும்பியபோது கணக்கு ஓடி முடிந்திருந்தது. கடைசி மீதி பூஜ்யம் இல்லை.

"அப்ப பகா எண் இல்லையாம்மா?"

"இல்ல."

"எதால வகுபடும்?"

"அது இதுல தெரியாது. வகுபடும்னு மட்டும்தான் தெரியும்."

ஒரு படி பிசகினாலும் விடை தப்பு என்பதால், இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்காமல் எந்த எண்ணையும் அவர் கைவிட்டதில்லை. திரையின் அடியில் 'மீண்டும் சரிபார்க்கவா?' என்று இருக்கிறது. இன்னும் யாரும் எதையும் அழுத்தவில்லை.