களம்பூர் களத்துப் பாட்டு

தறிக்குழியில் கால் வைத்தால் போதும், லோகநாதனுக்குப் பாட்டு வந்துவிடும். நாடா இந்தப் பக்கம் ஓட ஒரு சொல், அந்தப் பக்கம் ஓட ஒரு சொல். சுற்றுவட்டாரத்தில் எங்கே கூத்து நடந்தாலும், சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் வாயில் அவர் பாட்டுதான். இல்லை என்பவர் ஆரணிப் பக்கமே வந்தவரில்லை.

அதில் ஒன்று களம்பூர் அரிசி ஆலைப் பெண்களைப் பற்றியது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் தள்ளித் தள்ளிக் காய வைப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, அந்தக் களத்தை அவர் மிதித்ததில்லை.

உமி படிஞ்ச கொண்டைக்காரி
உச்சி வெயிலு சண்டைக்காரி
கோழி போல சீய்ச்சிகினு
குலுக்கிகினு எங்க போற?

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்கும் தலைகால் புரியவில்லை.

மகள் தேவிப்ரியா தானே பார்த்துக் கட்டிக்கொண்ட பையன் களம்பூர்க்காரன். அவன் தாய் சாவித்திரி அதே களத்தில் நெல் தள்ளுபவர். அந்தப் பாட்டு தன்னுடையது என்று லோகநாதன் சம்பந்தி வீட்டில் மூச்சுவிடவில்லை. நலங்கில் மாப்பிள்ளை வீட்டைக் கேலி பாடுவது வழக்கம். கோபிக்கக் கூடாது என்பதும் வழக்கம். களம்பூர்ச் சம்பந்தி என்றதும் லோகநாதன் தெருப் பெண்கள் அந்தப் பாட்டையே எடுத்தார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் பந்தி பார்க்கிற சாக்கில் நழுவினார். சாவித்திரியும் கூடச் சேர்ந்து சிரித்தார். லோகநாதனின் தங்கை அபிதகுசாம்பாள் சும்மா இருப்பாளா? எங்கள் அண்ணன் கட்டியதாக்கும் என்று பீற்றிக்கொண்டாள்.

கை கழுவுகிற இடத்தில் சாவித்திரி அவரிடம் கேட்டார்.

"நீங்க கட்டினதா அண்ணா? எங்க மேஸ்திரி இதைப் பாடித்தான் எங்கள ஜல்தியா நடக்க வெக்கறான். கால்ல கொப்புளம்னு யாராவது நின்னா, இன்னும் சத்தமா பாடுவான்."

குறை சொல்கிற குரலே இல்லை. அதுதான் லோகநாதனைக் கொன்றது.

பதிலுக்கு நல்லதாக ஒன்று கட்டப் பார்த்தார். தறி ஓடியது, சொல் வரவில்லை. கட்டியங்காரனிடம் போய் அந்தக் களத்துப் பாட்டை விட்டுவிடச் சொன்னார். ஜனம் அதைத்தானே கேட்கிறது என்று அவன் கையை விரித்தான்.

ஆடிச் சீரோடு மகளை அழைக்கப் போனவர், வீட்டுக்குப் போகாமல் நேராக ஆலைக்குப் போனார். மேஸ்திரி நிழலில் உட்கார்ந்து பாட, பெண்கள் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"நான் சாவித்திரிக்குச் சம்பந்திங்க. அந்தப் பாட்டு நான் கட்டினதுங்க. இனிமே பாடாதீங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பு. "பெரியவரே, நான் பையனா இருக்கும்போதே இருக்குது இது. என்னா சாவித்திரி, உன் சம்பந்தி கட்டினதாமே?"

பெண்கள் நின்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். சாவித்திரி ஆமாம் என்றால், உன் மருமகளைப் பெற்றவன் இவன்தானா என்று அந்தக் களமே காறித் துப்பும். அவருக்குத் தெரியாதா?

"அதெல்லாம் இல்ல மேஸ்திரி. அவரு பட்டு நெய்யறவரு. பாட்டு கீட்டெல்லாம் அவருக்கு வராது."

இல்லை, நான்தான் என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே வந்தார்? லோகநாதன், பாட்டு வராதுதான் என்று தலையை ஆட்டினார். விட்ட இடத்திலிருந்து மேஸ்திரி பாட்டை எடுத்தான்.