காளியாயி நிறுத்திய இடம்

காளியாயிக்குக் கண்தான் தராசு. கடைக்காரன் கட்டிக் கொடுக்கிற மாவும் பருப்பும் கூடவா குறையவா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கடுகு போகாது என்று தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் கேலி பேசுவார்கள். கடைசியில் அந்தக் கண்தான் அவள் குடியைக் கெடுத்தது.

அரிசி விலை எகிறின ஐம்பத்து மூன்றாம் வருஷம். புருஷன் மூக்கன் நெஞ்சு நோவில் படுத்த படுக்கையாகிவிட்டான். ஒருத்தி கொழுந்தெடுத்து மூன்று வயிறு எப்படி நிறையும்? மகள் ராசம்மாவின் பேரையும் தோட்டத்தில் பதிந்தால்தான் உலை கொதிக்கும் என்றாகிவிட்டது. அவளுக்கோ ஒன்பது வயசு. பன்னிரண்டு என்று சொல்லிவிடலாம், சொல்ல என்ன காசா பணமா? ஆனால் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா வயசு கேட்கிற ஆள் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார். பெரிசாகத் தெரிந்தால் பேர் உண்டு, இல்லையென்றால் வீட்டைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சும்மாவா சொன்னார்கள்? காளியாயி முன்னதாகவே போய் வரிசையை நோட்டம் விட்டாள். கீழ் லயத்து அந்தோனியம்மாவின் பெண் சோகை பிடித்தவள், கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றாள். மகளைத் தரதரவென்று இழுத்துப்போய் அவள் பக்கத்தில் நிறுத்தினாள் காளியாயி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! கண்டாக்கையா அந்தப் பெண்ணைப் பார்த்தார், ராசம்மாவைப் பார்த்தார், இது பெரிய புள்ளதான் என்றார். பேர் விழுந்தது. மற்றவள் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். காளியாயி அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கண்டாக்கையா ஏமாந்தது இருக்கட்டும், ஏமாற்றினவளே ஏமாந்து போனாள். பெரிய புள்ள, பெரிய புள்ள என்று சொல்லிச் சொல்லி அவள் கண்ணுக்கே மகள் வளர்ந்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள். கங்காணி பெரிய பொம்பளைகளோடு சரிவு மலைக்கு அனுப்பினபோதும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் ராசம்மா, கூடை பின்னால் இழுக்குதம்மா என்றாள்.

"இம்மாம் பெரிய பொண்ணு, கூடை தூக்க வலிக்குதோ?" என்று வள்ளென்று விழுந்தாள் காளியாயி.

பிள்ளை அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடி பாவி, அது கெஞ்சுகிறது என்று உனக்குப் படவில்லையே.

ஐப்பசி மழையில் நனைந்த கொழுந்து இரண்டு மடங்கு கனக்கும். நிறைந்த கூடையோடு சரிவில் இறங்கும்போது ராசம்மாவுக்குக் கால் வழுக்கியது. மழைத்தண்ணீர் ஓடுகிற கல் கானுக்குள் பாரம் அவளைத் தலைகுப்புறத் தள்ளியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

சேதி கேட்டு மூக்கனின் தம்பி செல்லசாமி பொகவந்தலாவையிலிருந்து ஓடிவந்தான். ராசம்மாவைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை. அதற்குள் குழியை வெட்டிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தவன், எம்மாம் நீளம் வெட்டட்டும் என்று மதினியிடம் கேட்டான். காளியாயி சுவரைப் பிடித்து எழுந்து நின்று, தன் நெற்றிக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள்.

பொம்பளைகள் புதைக்கிற இடத்துக்குப் போகிற வழக்கமில்லை. எல்லாம் முடிந்து, தலை முழுகிவிட்டு வந்த செல்லசாமி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தான், முடியவில்லை.

"மதினி, கால்மாட்டுல ஒரு ஆளு குந்தலாம், அம்புட்டு எடம் சும்மா கெடந்துச்சு. யாரை நெனச்சு அளவு சொன்னீங்க?"

காளியாயி கையைத் தன் நெஞ்சளவுக்கு இறக்கிக் காட்டினாள்.

"சின்னப் புள்ள தம்பி அது," என்றாள். "ஒம்பது வயசுதான்."