தேயிலைச் செடிக்குக் கீழே ஒரு சவாரி

நான் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையூரான ரிங்லெட்டில் ஆசிரியை. முதுகுவலியால் சைக்கிளை விட்ட எனக்கு, சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் மூன்று சக்கர வண்டி வரமாக வாய்த்தது. தோட்டச் சாலையில் போகும்போது தேயிலைச் செடிகள் தலைக்கு மேலே நகரும்; மூடுபனி முகத்தைத் தொடும்; மிதப்பதுபோல் இருக்கும்.

ஒரு நாள் காலை, மேகத்தைப் பார்த்தபடியே வளைவில் திரும்பிவிட்டேன். எதிரே காய்கறி லோரி வந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா சாலையில் இறங்கி, லோரியைப் பார்த்துக் கைகளை வீசினார். என் காலுக்கு ஒரு முழம் முன்னால் அது நின்றது.

"இப்படிப் படுத்துக்கிட்டு வந்தா லோரிக்காரனுக்கு எப்படிலா தெரியும், டீச்சர்?" என்றவர், தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துத் தந்தார்.

இப்போது அது என் வண்டியில், உயரமான மூங்கிலில் பறக்கிறது. வளைவுகளில் மெதுவாகப் போகிறேன்; சாலையை மட்டுமே பார்க்கிறேன். நான் திரும்புமுன்பே சரிவிலிருந்து, துணியைக் கண்டுவிட்ட கொழுந்து பறிப்பவர்களின் குரல் கேட்கிறது: "டீச்சர் வராங்க."