பேத்தியின் காதுக்குள் நான் வைத்த சத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்தினேன். அது பழுதாகவில்லை. கரண்டும் இருந்தது. நானாகவே போய் பிளக்கைக் கழற்றினேன்.

மத்தியானம் குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ! பாரை மீன் நாறத் தொடங்கிட்டுது. இந்த ஃபிரிட்ஜ் உங்களுக்கு என்ன செய்தது?"

"அது உறுமுது."

"நானும்தான் நாற்பத்தாறு வருசமா உறுமுறன். என்ர பிளக்கையும் கழட்டுவீங்களோ?"

நியாயமான கேள்வி. 

விஷயம் இதுதான். என் மகளின் மகள் தனுசியாவுக்கு மூன்று வாரமாக இடது காதுக்குள் ஒரு சத்தம். வெளியே ஒன்றும் இல்லை. உள்ளே மட்டும் மெல்லியதாக 'ங்ஙீ...' "ஆரோ குக்கரை அடுப்பில வைச்சிட்டு ஊருக்குப் போன மாதிரி இருக்கு, அம்மப்பா" என்றாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. அடுத்த மாதம் கம்பஸ் இறுதிப் பரீட்சை. புத்தகத்தை விரித்தால் குக்கர் கூவுகிறதாம்.

இருபத்திரண்டு வயதில் காதிரைச்சலா? அது என் வயதுக்காரரின் சொத்து அல்லவா?

வீட்டில் உடனே விசாரணை தொடங்கியது. குற்றவாளியும் உடனே அகப்பட்டது - இயர்ஃபோன். "எந்நேரமும் காதுக்குள்ள வயரைச் சொருகிக்கொண்டு திரிஞ்சா வேற என்ன வரும்?" என்று என் மகள் அதைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "மெல்லமாத்தானே அம்மா கேக்கிறனான்" என்று தனுசியா சொன்னது எடுபடவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள், கருவிகள், கட்டுப்பாடு... ஒரு பதினைந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேசும்போதே எனக்குத் தெரியும் - இயர்ஃபோன் நிரபராதி. குற்றவாளி நான்.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பொறுப்பு என்னுடையது. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் சபையில் ஏகமனதாகத் தந்தார்கள். தேர் அன்று காலை, மைக்கில் அறிவிப்பு வாசித்து முடித்த தனுசியா அடுத்த தாளைச் சரிபார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அவளுக்கு இடப்பக்கம், வேப்பமரத்தில், தலைக்குச் சற்று மேலே ஹோர்ன். நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. அம்ப்ளிஃபயரின் குமிழைக் கடைசி வரை திருப்பியவன் நான். அன்று பின்னேரமே அவளுடைய காது கூவத் தொடங்கிவிட்டது.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். ஆனால் "அம்மப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லித் திரிகிற பிள்ளை. அந்தப் பெயரை இழக்க மனம் வரவில்லை. ஆகவே அவள் பேச்சு வாங்கினாள். நான் பரிகாரம் தேடினேன்.

என்ன பரிகாரம்? நிசப்தம்! சத்தத்தால் வந்ததற்குச் சத்தமின்மைதானே மருந்து? ஃபிரிட்ஜுக்கு முதலே மின்விசிறி நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றினேன். பின்னேரம் பாட்டுப் போட்டபடி பேக்கரிப் பாண் விற்க வருகிற ஓட்டோவைச் சந்தியிலேயே மறித்து, எங்கள் ஒழுங்கையைக் கடக்கும் வரை பாட்டை நிறுத்தச் சொன்னேன். பாண்காரர் நல்ல மனிதர், நிறுத்தினார். அவர் வந்ததும் போனதும் தெரியாமல் மூன்று நாள் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் பாண் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் சங்கு ஊதுகிற கப்பல்களிடம் மட்டும் என் செல்வாக்குச் செல்லவில்லை.

ஃபிரிட்ஜும் அடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை வீடு மயானம் போல் இருந்தது. நான் திருப்தியோடு கதிரையில் சாய்ந்தேன். தனுசியா வியர்த்து வழிந்தபடி அறையை விட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஃபானைப் போடுங்கோ. வேற ஒண்டும் கேக்காததால இப்ப அது மட்டும்தான் கேக்குது. ஒரு பக்கம்கூடப் படிக்க ஏலாமக் கிடக்கு."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், பைப்பை மெல்லத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற வாளிக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு குந்திக்கொண்டாள். அங்கேதான் அவளுடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

வெள்ளிக்கிழமை தனுசியா, அவளுடைய தாய், நான் - மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது டொக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சோதனை எல்லாம் செய்து முடித்தார்.

"கேட்கிறதில ஒரு குறையும் இல்லை. மெல்லிய இரைச்சல்தான், பயப்படாதேங்கோ. கன பேருக்குக் குறைஞ்சு போகும். போகாட்டிலும் மனம் பழகிடும். ஒண்டு மட்டும்... முழு அமைதியில இருக்காதேங்கோ. மெல்லமா ஏதாவது சத்தம் பக்கத்தில இருக்கட்டும். ஃபான், மழைச் சத்தம், பாட்டு..."

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

"அண்மையில பெரிய சத்தம் ஏதாவதுக்குப் பக்கத்தில இருந்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இயர்ஃபோன்தான் டொக்டர்" என்று என் மகள் முந்திக்கொண்டாள். "பறிச்சு வைச்சிட்டன்."

தனுசியா தலையைக் குனிந்துகொண்டாள். செய்யாத பிழைக்கு அப்படிக் குனிந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"டொக்டர், அது நான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தேருக்கு முதல்நாள் சந்தையில் பாலையூற்றுக் கோயில்காரரான நவம் மாஸ்டர் என்னைப் பிடித்து, "என்ன சேர், உங்கட கோயில்ல இந்த முறை திருவிழா இல்லையோ? பாலையூற்றுப் பக்கம் ஒரு சத்தத்தையும் காணேல்லை!" என்று சிரித்ததை. அவர்களுடைய கோயில் ஹோர்ன் எங்கள் வீடு வரை கேட்கிறதே என்ற என் வயிற்றெரிச்சலை. மறுநாள் அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்று அவருக்குப் போன் எடுத்து, "இப்ப கேக்குதோ? இப்ப?" என்று கேட்டுக் கேட்டுக் குமிழைத் திருப்பியதை. "ஓம் ஓம், இப்ப நல்லாக் கேக்குது" என்று அவர் சொல்லும் வரை திருப்பியதை.

டொக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"சேர்... ஒலி எண்ட பாடத்தை எங்களுக்கு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

ஓம். நான்தான்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மகள் கோபத்தில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தனுசியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இனி இந்தப் பிள்ளை என்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

உள்துறைமுகத்தைக் கடக்கும்போது கேட்டாள்.

"அம்மப்பா, நவம் மாஸ்டருக்குச் சத்தம் கேட்டது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவரே சொன்னவர். போனில."

"நீங்கள் எங்க நிண்டு கதைச்சனீங்கள்?"

"ஹோர்னுக்குக் கீழதான், அம்ப்ளிஃபயரடியில..."

"அப்ப அவருக்குப் போனுக்குள்ளாலதானே கேட்டிருக்கும்?"

நான் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தேன்.

முப்பது வருடம் பௌதிகவியல்!

தனுசியா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். கோபத்தில் இருந்த என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலையூற்றில் அன்று ஒரு வேப்பிலைகூட அசைந்திருக்காது. அசைந்தது இந்தப் பிள்ளையின் காது மட்டும்தான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: "சிரிக்கேக்க அந்தச் சத்தம் கேக்கவே இல்லை, அம்மப்பா. மூண்டு கிழமைக்குப் பிறகு இண்டைக்குத்தான்."

"என்னில கோவம் இல்லையோ, பிள்ளை?"

"இருக்கு. ஆனா இப்ப நேரமில்லை. பரீட்சை முடிய ஆறுதலாக் கோவிக்கிறன்."

இயர்ஃபோன் அலுமாரியிலிருந்து விடுதலையாகிவிட்டது. மெல்லிய மழைச் சத்தத்தோடு படிக்கிறாள். குக்கர் முற்றாக அடங்கவில்லை; ஆனால் குக்கர் இருப்பதை இடைக்கிடை மறந்துவிடுகிறாளாம். ஒலிபெருக்கிப் பொறுப்பை நான் சபையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், காரணத்தையும் சொல்லி.

காலையில் படிக்க உட்காருமுன் தேநீரோடு என் பக்கத்தில் வந்து குந்துகிறாள். "அம்மப்பா, நீங்கள் விட்ட வேற பிழை ஒண்டு சொல்லுங்கோ, கொஞ்சம் சிரிச்சிட்டுப் போறன்."

சொல்கிறேன். எனக்கு எழுபத்தைந்து வயது - கையிருப்பில் உள்ள பிழைகள் அவளுடைய பட்டமளிப்பு வரைக்கும் தாராளமாகத் தாங்கும்.