ரேடியோ அக்காவின் இரண்டாவது நாற்காலி

“தலையக் குனியாத. காது போயிடும்.”

சொல்லிவிட்டு, குனிந்த தலையைச் சீப்பின் முனையால் நிமிர்த்துகிறாள் ரேடியோ அக்கா. நாற்காலியில் இருக்கும் பெண் பள்ளிப்படிப்பை முடித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கலாம். கழுத்து வரை துணி போர்த்தியிருக்கிறது. கையை ஆட்ட முடியாது. நகத்தைக் கடிக்க முடியாது. எதிரே கண்ணாடி. அதில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, தனக்கு எந்த வேலை வேண்டும், ஏன் வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். ரேடியோ அக்கா பின்னால் நின்று முடி வெட்டிக்கொண்டே கேள்வி கேட்பாள்.

“இந்த வேலைய உனக்கு எதுக்குக் குடுக்கணும்?”

“வந்து... எனக்கு அவ்வளவா அனுபவம் இல்ல, ஆனா...”

“நிறுத்து. உங்கிட்ட என்ன இல்லைன்னா கேட்டேன்? எந்தக் கடைக்காரனாவது ‘வாங்க வாங்க, எங்ககிட்ட சோப்பு இல்ல’ன்னு வாசல்ல போர்டு வெப்பானா? மறுபடி ஆரம்பி.”

மறுபடி ஆரம்பிக்கிறாள். கத்தரியும் மறுபடி ஆரம்பிக்கிறது. வெட்டுவதற்கு முடி மிச்சம் இல்லாதபோது ரேடியோ அக்கா காற்றை வெட்டுவாள். சத்தம் மட்டும் நிற்காது.

கடை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சாவி செய்யும் கடை, மறுபக்கம் சலவைக் கடை. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, கைகழுவும் தொட்டி. தொட்டியின் விளிம்பில் எப்போதும் ஒரு கோப்பைத் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். யாருடைய முடியாவது அதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு அந்தத் தேநீர் ஞாபகம் வரும். கொட்டிவிட்டு இன்னொன்று போடுவாள்.

முதல் நாற்காலி வாடிக்கையாளர்களுக்கு. இரண்டாவது நாற்காலி பழுது. உட்கார்ந்தால் மெல்ல இறங்கும். அதை ஏற்றி இறக்கும் உருளையின் அடைப்பு வளையம் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. மின்நிலையத்தில் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. இது அதைவிடச் சுலபம். நானே வளையத்தை மாற்றித் தருகிறேன் என்றேன்.

“ஐயோ இன்ஜினியரு, கைய வெச்சுடாத. என் பள்ளிக்கூடமே அதுலதான் ஓடுது.”

வேலை கேட்டுப் போகிற பெண்களை ஒத்திகைக்கு அதில்தான் உட்கார வைப்பாள். பேசப் பேச நாற்காலி இறங்கும். கண்ணாடியில் முகம் கீழே போகும். புதிதாக வந்தவள் பேச்சை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடிப்பாள்.

“அது பாட்டுக்கு எறங்கட்டும்டி. உன் குரல் எதுக்குக் கூடவே எறங்குது?”

ரேடியோ அக்கா என்பது அந்தப் பெண்கள் வைத்த பெயர். அவளுக்கும் தெரியும். ‘ரேடியோன்னா அணைக்கவாச்சும் ஒரு பொத்தான் இருக்குமே’ என்று சாவிக்கடைக்காரர் சொன்னதும் தெரியும். அடுத்த முறை அவர் மனைவி வந்தபோது நெற்றி முடியை ஒரு விரல் கூடுதலாக வெட்டிவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

வயது நாற்பதைத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவளுக்கு வெட்டிவிட ஆளில்லை. தானே வெட்டிக்கொள்கிறாள். இடப்பக்கம் எப்போதும் கொஞ்சம் நீளம். யாராவது சொன்னால், “நான் சாஞ்சு நிக்கிறேன், அதான்” என்பாள்.

இரண்டாவது நாற்காலியில் ஒரு சொல்லுக்குத் தடை உண்டு: பரவாயில்லை. சொன்னவள் அன்று தரையைப் பெருக்க வேண்டும். அந்தக் கடையின் தரை எப்போதும் பளிச்சென்று இருக்கும்.

இந்த ஒத்திகையை அவள் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. நேர்முகத்துக்குப் போகும் முன் முடி வெட்ட வந்த ஒருத்தி பயத்தில் அழுதிருக்கிறாள். அழுகிற தலை ஆடும், வெட்ட முடியாது. “அழுகைய நிறுத்தத்தான் பேச்சுக் குடுத்தேன். அங்க என்ன கேப்பாங்க, என்ன சொல்லுவேன்னு கேட்டேன். முடிய வெட்டி முடிக்கறதுக்குள்ள அவளே பாதி பதிலச் சொல்லிட்டா.” அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வாரம் தங்கையை அழைத்துவந்தாள். தங்கை தோழியை அழைத்துவந்தாள். இப்போது கூட்டம் குறைந்த மதியங்களில் வாசலில் செருப்புகள் வரிசை கட்டுகின்றன. மருந்துக்கடையில் நிற்பவள், தொழிற்பயிற்சி முடித்தவள், சம்பள உயர்வு கேட்கப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவள்.

ரேடியோ அக்காவே ஒரு பெரிய அழகு நிலையத்தில் வருடக்கணக்காகத் தரை பெருக்கியவள்தான். கத்தரியைக் கையில் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. “இவ்வளவு பேச்சும் அப்ப எங்க போய் ஒளிஞ்சுக்கிச்சுன்னே தெரியல” என்பாள். அதைச் சொல்லும்போதும் சிரிப்புத்தான்.

என் அம்மா முதல் நாற்காலியின் வாடிக்கையாளர். ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்து நாற்காலியில் நடப்பதைக் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டாளாம்: “இது இன்டர்வியூவா, பொறந்தநாள் விழாவா?”

நியாயமான கேள்வி. ரேடியோ அக்காவுக்குக் கடுமை வராது. குரலைத் தடிமனாக்கி, நெற்றியைச் சுருக்கி, மேலாளர் போல ஆரம்பிப்பாள். மூன்றாவது கேள்விக்குள் இளகிவிடுவாள். “சரி சரி, மூஞ்சியப் பாரு பாவம். நாளைக்கே வேலைக்கு வந்துடு.” அந்தக் கடையில் வேலை கிடைக்காத பெண்ணே கிடையாது. வெளியேதான் கிடைக்கவில்லை.

அன்று முதல் அம்மா மேனேஜர் ஆனாள். சுவரோரப் பெஞ்சில், மடியில் ஒரு பழைய வார இதழோடு உட்கார்வாள். அவள் கேள்விகள் சுலபமானவை. கேள்விக்கும் பதிலுக்கும் பிறகு வருவதுதான் கடினம். பெண் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி முடிப்பாள். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள். தலையைக்கூட ஆட்ட மாட்டாள். இதழைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த அமைதி தாங்காமல் பெண் மறுபடி வாயைத் திறப்பாள். கேட்டதைத் தானே குறைப்பாள். பகல் வேலை கேட்டவள் இரவு வேலைக்குச் சம்மதிப்பாள். நிரந்தர வேலை கேட்டவள் தற்காலிகம் போதும் என்பாள். அப்போதுதான் அம்மா நிமிர்வாள்.

“நான் ஒண்ணுமே சொல்லலியே. நீயே பேரம் பேசி நீயே தோத்துட்டே?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வாயே தேவையில்லை, மூடிக்கொண்டிருந்தால் போதும் என்பது அவள் அத்தனை வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது. கேட்டுவிட்டு நிறுத்து. அவர்கள் பேசும் வரை பேசாதே. இதைத்தான் ஒவ்வொருத்திக்கும் திரும்பத் திரும்பப் பழக்கினாள்.

அந்த அமைதியில் அதிகம் தவித்தது ரேடியோ அக்காதான். பெண்ணுக்குப் பதிலாக இவள் பேசிவிடுவாள். அம்மா கண்ணாலேயே அதட்டுவாள். ஒருமுறை பொறுக்க முடியாமல் முடி உலர்த்தும் கருவியை முழு வேகத்தில் போட்டுவிட்டாள்.

அம்மாவுக்கு நோய் முற்றி முடி கொட்டத் தொடங்கியதும், மிச்சத்தை எடுக்க ரேடியோ அக்கா வீட்டுக்கே வந்தாள். படியேறும்போதே பேச்சு. கடைசி வாரங்களில் அம்மாவுக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. என்னோடும்தான். இவளை மட்டும் பொறுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் வாய மூடுடி.”

“மூடிட்டேம்மா” என்றவள், எப்படி மூடினாள், மூடியதும் உள்ளே நாக்கு என்ன பாடு படுகிறது என்று விவரிக்க ஆரம்பித்தாள். அம்மா சிரித்தாள். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

அம்மா இறந்த அன்றும் ரேடியோ அக்கா பேசினாள். வீடு நிறைய உறவினர்கள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அம்மா எந்தெந்தப் பெண்ணை எப்படியெல்லாம் கலங்கடித்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழ வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு இன்னும் கூடுதலாக அழுதார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன வாரம் முடி கண்ணில் விழ ஆரம்பித்ததால் போனேன். இரண்டாவது நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். மின்தூக்கி பழுதுபார்க்கப் படித்தவள் என்பதால் அங்கே அவள் பெயர் லிஃப்ட்டு. வகுப்பில் முதலாவதாக வந்தவள். கூடப் படித்த பையன்கள் கருவிப்பையோடு கட்டடம் கட்டடமாகப் போகிறார்கள். இவள் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, புகார்களுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்துவிட்டு விலகியிருக்கிறாள். மறுநாள் காலை வேறொரு நிறுவனத்தில் நேர்முகம்.

“அவங்களா உன்ன போன்ல உக்காரச் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. ரிப்பேர் வேலைதான் வேணும்னு நல்லாத்தான் சொன்னேன். அவரு பேப்பரையே பாத்துட்டிருந்தாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆபீஸ்ல போட்டாலும் பரவாயில்ல சார்னு நானே சொல்லிட்டேன். உடனே எழுதிக்கிட்டாரு.”

“எழுதாம? தட்டுல வெச்சுல்ல நீட்டியிருக்க!” என்றாள் ரேடியோ அக்கா. “போ, வெளக்கமாறு அந்த மூலையில இருக்கு.”

“அது அங்க சொன்னதுக்கா!”

“எங்க சொன்னா என்ன? சொன்னது சொன்னதுதான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “மேனேஜரம்மா படுத்துட்டாங்களா, இவள சரியா பழக்க ஆளில்லாமப் போச்சு. நான் பழக்கின லட்சணம் இது” என்றாள்.

லிஃப்ட்டு துணிக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இந்த வாட்டியும் போன் வேலைதான்னா, அத்தை கடையில உக்காந்து போன் எடுன்னு அப்பா சொல்லிட்டாரு. பஸ் செலவாச்சும் மிச்சமாம்.”

“உங்கப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்கே” என்றேன்.

“அதான்க்கா பயமா இருக்கு.”

ரேடியோ அக்கா என்னைப் பார்த்தாள். பெஞ்சைக் காட்டினாள். “இன்ஜினியரு, நீ உக்காரு.”

உட்கார்ந்தேன். கயிறு அறுந்தால் மின்தூக்கியை எது பிடித்து நிறுத்தும் என்று கேட்டேன். சொன்னாள். கதவு சரியாக மூடாவிட்டால் மின்தூக்கிக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. அந்த மின்சுற்றில் அடிக்கடி எது கெடும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இருவரும் பேச ஆரம்பித்தோம். அவள் துணிக்குள்ளேயே கையை ஆட்டி விளக்கினாள்.

“ரெண்டு பேரும் கூட்டா ஒரு கம்பெனி போட்டுக்கங்க” என்றாள் ரேடியோ அக்கா. “இன்டர்வியூ என்ன ஆச்சு? இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்துலயே தெரியும். அவ கேட்டு முடிச்சப்புறம் நீ சும்மா இருக்கணும். அம்புட்டுத்தான் உன் வேலை.”

வார இதழை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கப் பார்த்தேன். அந்தப் பெஞ்சில் என்னால் அது முடியவில்லை. எழுந்து தொட்டியில் முகம் கழுவினேன்.

ரேடியோ அக்கா ஒரு துண்டை என் மேல் எறிந்தாள். “போய் மொத நாற்காலியில உக்காரு. நானே மேனேஜர்.”

“போச்சு” என்றாள் லிஃப்ட்டு. “எனக்கு வேலை கிடைச்சிடும்.”

“வாய மூடுடி. சாருன்னு கூப்பிடு.”

ரேடியோ அக்கா குரலைத் தடிமனாக்கினாள். எங்கே படித்தாய் என்று கேட்டாள். பதில் தெளிவாக வந்தது. இருட்டில், தனியாக, மின்தூக்கிக் குழிக்குள் இறங்க வேண்டியிருந்தால் இறங்குவாயா என்று கேட்டாள். “இறங்குவேன் சார். வெளக்கு இருக்கு, பெல்ட் இருக்கு. பூதம் இருந்தா அதுக்கும் சேத்து பில் போடுவேன்.” ரேடியோ அக்காவின் உதட்டோரம் ஆடியது. நெற்றியை இன்னும் சுருக்கிக்கொண்டாள். இளகப்போகிறாள் என்று நினைத்தேன்.

“சரி. என்ன வேலை வேணும் உனக்கு?”

“ரிப்பேர் வேலை. கருவிப்பையோட வெளிய போற வேலை. அதுக்குத்தான் வந்திருக்கேன் சார்.”

இப்போது பேசக் கூடாது. ரேடியோ அக்காவின் வாய் திறந்தது. ஏதோ ஒரு சொல் நுனி நாக்கு வரை வந்துவிட்டது, பார்த்தேன். சட்டென்று தட்டிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து உதடுகளுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அமைதி. சலவைக் கடையில் நீராவி சீறுவது கேட்டது. வாசலில் காத்திருந்த ஒருத்தி, உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் லிஃப்ட்டின் கண் கீழே போகப் பார்த்தது, பாதியில் நின்றது, மேலே வந்தது. உதடுகள் ஒட்டிப் பிரியப் போயின. ‘ப’வில்தான் தொடங்கியிருக்கும். விழுங்கினாள். ரேடியோ அக்காவின் முகம் சிவந்துவிட்டது. இரண்டாவது ஊசியையும் வைத்துக்கொண்டாள்.

லிஃப்ட்டு பேசவில்லை. கண்ணாடி வழியாக ரேடியோ அக்காவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ அக்கா அவள் மேலிருந்து பார்வையை எடுக்காமல், கையால் தட்டைத் துழாவி, இன்னொரு ஊசியை எடுத்து வாயில் செருகிக்கொண்டாள்.