கைப்பிடியில் என் போட்டோ

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை. லைசென்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்றும் வைத்திருந்தார். அவருக்கும் அவருடைய சிநேகிதர்களுக்கும் துப்பாக்கியை அலங்கரிப்பதுதான் பொழுதுபோக்கு. ஒருவர் சந்தனக் கட்டையில் கைப்பிடி போட்டால் இன்னொருவர் வெள்ளியில் பூவேலை செய்வாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆவடி வீட்டுக்கு வந்தவர், துப்பாக்கியை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார். கைப்பிடியில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். அதற்கடியில், பெண் பார்க்கக் கொடுத்தனுப்பிய என் போட்டோவைப் பிடியின் அளவுக்கு வெட்டிப் பொருத்தியிருந்தார்.

"நானே செஞ்சேன். எப்டி கீது?" என்றபடி கையில் எடுத்துக் காட்டினார். அவர் பிடித்த பிடியில் என் முகம் உள்ளங்கைக்குள் காணாமல் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளை எழுந்து போகச் சொல்வார் என்று அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்துப் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை.

"இந்தப் பக்கம் காலியா கீதே மாப்ள?"

"அது கொழந்தைக்கு உட்டு வெச்சிகீறேன் மாமா."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்.